கொலைக்கு மறுநாள்

முகமூடிக் கொலையாளி ஒருவன் ஆட்களை ஒவ்வொருவராக வெட்டிக் கொல்லும் ‘ஸ்லாஷர்’ வகைக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கவே முடியாது என்று ஒரு ஸ்லாஷர் தொடரின் முதல் எபிசோடிலேயே ஒருவன் வாதாடுகிறான். 2015 ஜூன் 30 அன்று எம்டிவியில் தொடங்கிய ‘ஸ்க்ரீம்’ தொடரில் வரும் நோவா என்ற பள்ளி மாணவன் அவன். திகில் படங்களைக் கரைத்துக் குடித்தவன். இந்த வகைப் படம் ஒன்றரை மணி நேரத்தில் பற்றி எரிந்து அடங்கிவிடும், தொடரோ வாரக்கணக்கில் நீள வேண்டும், இரண்டும் ஒத்துவராது என்பது அவன் கட்சி. எபிசோட் முடிவதற்குள் அவனே ஒரு வழியும் சொல்லிவிடுகிறான். இது கொலைக்கதை என்பதைப் பார்ப்பவர்கள் மறந்துபோக வேண்டும். அந்தப் பிள்ளைகளின் காதலும் பிணக்கும் நமக்குப் பெரிய விஷயமாகிவிட வேண்டும். அப்போதுதான் அவர்கள் வெட்டுப்படும்போது நமக்கு வலிக்கும்.

நோவா பாதி வழிதான் சொல்லியிருக்கிறான் என்பது என் எண்ணம். சாவுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டான். சாவுக்குப் பின்னால் என்ன செய்வது? பதின்வயதுப் பிள்ளைகளை முகமூடிக்காரன் ஒருவன் தேடித் தேடிக் கொல்லும் கதை பத்து மணி நேரம் நம்மைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமானால், அதன் பலம் கொலை நடக்கும் இரவில் இருக்க முடியாது. மறுநாள் காலையில்தான் இருக்க வேண்டும். இந்த வகைத் தொடர்களைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

சினிமாவுக்கு மறுநாள் என்பது கிடையாது. ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்தின் பெரும்பகுதி ஒரே இரவில் நடக்கிறது. எதிர்வீட்டில் தோழிகள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருப்பது கதாநாயகிக்குத் தெரியாது. தெரிந்த நொடியில் அவள் ஓடத் தொடங்குகிறாள். அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் படத்தின் விசை. கெவின் வில்லியம்சன் எழுதி வெஸ் கிரேவன் இயக்கிய, இந்தத் தொடருக்கு மூலமான 1996-ஆம் ஆண்டின் ‘ஸ்க்ரீம்’ படத்தில் கொலை நடந்த பிறகும் பள்ளி நடக்கிறது. ஆனால் அங்கே சில மாணவர்கள் அதே முகமூடியை மாட்டிக்கொண்டு நடைவழியில் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பள்ளி மூடப்பட்டதும் விருந்து வைக்கிறார்கள். படத்தின் வேகத்துக்கு அது பொருந்துகிறது. தொடரில் அதையே செய்தால் இரண்டாவது வாரமே அந்தப் பிள்ளைகள் மேல் நமக்கு வெறுப்பு வந்துவிடும்.

2009-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியான சிபிஎஸ் ஒளிபரப்பிய ‘ஹார்ப்பர்ஸ் ஐலண்ட்’ தொடரில் இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு தீவு, ஒரு கல்யாணம், படகில் வந்து இறங்கும் விருந்தினர்கள். 13 எபிசோட்கள், எபிசோடுக்குக் குறைந்தது ஒரு சாவு என்பது விளம்பரத்திலேயே கொடுக்கப்பட்ட வாக்கு. எபிசோட்களின் தலைப்புகள்கூட வெட்டும் மோதலும் எழுப்பும் ஒலிகள்தாம். எனக்குப் பிடித்த தொடர் அது, அதனால்தான் அதன் குறை உறுத்துகிறது. முதல் சில வாரங்களில் இறப்பவர்களை உடன் வந்தவர்கள் தேடுவதே இல்லை. எங்கேயோ போயிருப்பார், வந்துவிடுவார் என்று விட்டுவிடுகிறார்கள். கதை தொடர்ந்து ஓட வேண்டுமென்றால் யாருக்கும் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியாதபோது அந்தச் சாவுக்கு எடை இல்லை. சினிமாவின் தந்திரத்தை அப்படியே பதின்மூன்று வாரங்களுக்கு நீட்டியதன் விளைவு இது. பிற்பகுதியில் எல்லோருக்கும் உண்மை தெரிந்த பிறகுதான் தொடர் எழுந்து நிற்கிறது. மாப்பிள்ளையே கொலைகாரர்களில் ஒருவன் என்று தெரியும் இடம் நெஞ்சைப் பிசைவதற்குக் காரணம், அதற்குள் அவன் பலமுறை நமக்கு முன்னால் நண்பர்களுக்காக அழுதிருக்கிறான் என்பதுதான்.

மறுநாளை எப்படிக் காட்டுவது என்பதற்கு இந்த வகைக்கு வெளியே ஒரு பாடம் இருக்கிறது. 1990 ஏப்ரலில் ஏபிசியில் வந்த ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் முதல் எபிசோட். லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் கரை ஒதுங்குகிறது. தாய் தொலைபேசியில் கணவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஷெரிஃப் அவர் முன்னால் வந்து நிற்கிறார். மறுமுனையில் தாய்க்குப் புரிந்துவிடுகிறது. கைவிடப்பட்ட ரிசீவரிலிருந்து அவள் ஓலம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வகுப்பறையில் லாராவின் மேசை காலியாக இருப்பதைத் தோழி பார்க்கிறாள். யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மாணவி அலறிக்கொண்டு ஓடுகிறாள், அவ்வளவுதான். பிறகு தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு உடைந்து அழுகிறார். லாராவை நாம் உயிரோடு பார்த்ததில்லை, கொலையையும் பார்க்கவில்லை. ஆனாலும் ஓர் ஊரே நம் முன்னால் இடிந்து உட்கார்ந்துவிடுகிறது.

எனக்கு அந்த வகுப்பறைக் காட்சி நெருக்கமானதற்குக் காரணம் உண்டு. நான் பிளஸ் டூ படித்தபோது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவன் குழித்துறை ஆற்றில் மூழ்கி இறந்துபோனான். எங்கள் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெயரைப் படிக்காமல் எண்ணைத்தான் சொல்வார். அடக்கம் முடிந்து பள்ளி திறந்த நாளில், அவன் எண்ணை விட்டுவிட்டு அதற்கடுத்த எண்ணைச் சொன்னார். அந்த எண்ணுக்கு உரியவன் பதில் சொல்லவில்லை. தினமும் முந்தைய எண்காரனின் குரல் கேட்டதும் சொல்லிப் பழகியவன்; அந்தக் குரல் வராததால் தன் முறை வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் மறுபடியும் சொன்னார். பின்வரிசையில் ஒருவன் தேம்பத் தொடங்கினான். ஒரு மரணம் ஒரு வகுப்பில் எந்த ஓட்டை வழியாக உள்ளே வரும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. நல்ல தொடர் அந்த ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

‘ஸ்க்ரீம்’ தொடரின் முதல் சீசன் ஓரிடத்தில் அதைச் செய்துவிட்டது. மூன்றாவது எபிசோடில் ரைலி என்ற பெண் இறக்கிறாள். அதுவரை அவள் பின்வரிசைப் பாத்திரம்தான். அவளுக்கும் நோவாவுக்கும் அப்போதுதான் பேச்சு தொடங்கியிருக்கிறது. அறிவியல் பற்றியும் நட்சத்திரங்கள் பற்றியும் பேசிக்கொள்ளும் கூச்சமான பேச்சு. கொலையாளி அவளைக் காவல் நிலையத்து வாசலுக்கே வரவழைத்துத் துரத்துகிறான். குத்துப்பட்டவள் எப்படியோ மேலே ஏறி மொட்டை மாடியில் விழுகிறாள். கீழே காவலர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது. அவள் கையில் இருப்பது போன் மட்டும். அதில் நோவாவின் முகம். எங்கே இருக்கிறாய் என்று அவன் பதறுகிறான். அவள் வானத்தைப் பார்க்கிறாள். வெட்டு, குத்து எல்லாம் இந்தக் காட்சியில் சில நொடிகள்தான். மற்ற நேரமெல்லாம் நாம் பார்ப்பது, திகில் படங்களின் விதிகளையெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த ஒருவன் எந்த விதியும் கைகொடுக்காமல் ஒரு சின்னத் திரைக்கு இந்தப் பக்கம் நிற்பதை. அடுத்த எபிசோடின் தலைப்பே பின்விளைவு என்பதுதான். அதில் நோவா பேசுவது குறைந்துவிடுகிறது. அவன் வாயாடித்தனத்தில்தான் தொடரின் சிரிப்பு இருந்தது என்பதால், அவன் அடங்கியதும் மொத்தத் தொடரும் கனத்துப்போகிறது. என் அண்ணன் மகள் நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள். அவளோடு சேர்ந்துதான் இதை மறுபடியும் பார்த்தேன். “சித்தப்பா, இதற்குப் பிறகு யார் செத்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்” என்றாள். தொடர் அவளை வென்றுவிட்டது.

துக்கத்துக்கு இந்த வகையில் இன்னொரு வேலையும் உண்டு. சாவு வீட்டில்தான் சந்தேகம் பிறக்கிறது. யார் அழுதார்கள், யார் அழவில்லை, யார் அளவுக்கு மீறி அழுதார்கள், யார் பிணத்தின் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்கள் என்று நம் ஊரில் பெண்கள் பேசிக்கொள்ளும் பேச்சை எந்தத் துப்பறிவாளரும் மிஞ்ச முடியாது. ஸ்லாஷர் தொடரில் கொலையாளி எப்போதும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவரும் ஆறுதல் சொல்ல வருகிறார். ‘ஸ்க்ரீம்’ முதல் சீசனின் முடிவை இப்போது சொல்லப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அந்தச் சீசனின் கொலையாளி பைப்பர், கொலைகளைப் பற்றி பாட்காஸ்ட் செய்ய ஊருக்கு வந்தவள். கதாநாயகி எம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவள். உண்மையில் எம்மாவின் தாய் இளம் வயதில் பெற்றுக் கொடுத்துவிட்ட பெண் அவள். எம்மாவுக்கு ஒருவகையில் அக்கா. இது தெரிந்த பிறகு பழைய எபிசோட்களைத் திரும்பப் பார்த்தால், எம்மா அழும்போதெல்லாம் பைப்பர் முகத்தில் இருக்கும் கவனத்துக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. சினிமாவில் இப்படி ஒரு பாசாங்கை ஒன்றரை மணி நேரம்தான் நடத்த முடியும். தொடரில் நாமும் அவளோடு வாரக்கணக்கில் பழகியிருக்கிறோம்.

முகமூடி விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. முதல் இரண்டு சீசன்களில் படத்தின் புகழ்பெற்ற பேய்முகம் இல்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2019-இல் வந்த மூன்றாவது சீசனில் அது திரும்பியது. அதனால் அந்தச் சீசன் ஒன்றும் மேம்பட்டுவிடவில்லை. முகமூடியின் வடிவத்தில் பயம் இல்லை. எங்கள் பக்கம் டிசம்பர் மாதம் கேரல் குழுவோடு கிறிஸ்மஸ் தாத்தா வீடு வீடாக வருவார். மெழுகு பூசினாற்போன்ற இளஞ்சிவப்புக் கன்னம், அசையாத சிரிப்பு, உள்ளே யாரென்று தெரியாது. சின்னக் குழந்தைகள் அந்த முகத்தைப் பார்த்து அலறும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். குனிந்து காலைப் பார்ப்பார்கள். செருப்பை வைத்தும் நடையை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூச்சலிடுவார்கள். ஸ்லாஷர் தொடர் பார்ப்பவரும் செய்ய வேண்டியது அதுதான்: முகமூடிக்குக் கீழே தெரியும் செருப்பைத் தேடுவது. தொடர் நேர்மையானதாக இருந்தால் அந்தச் செருப்பை எங்காவது காட்டியிருக்கும். கடைசி எபிசோடில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து இவன்தான் என்றால், அதுவரை பார்த்த நேரம் முழுவதும் பாழ்.

அடுத்தது பழைய குற்றம். ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ (1980) படத்தில் கொல்வது, முகாம் ஊழியர்களின் கவனக்குறைவால் மகனைத் தண்ணீரில் பறிகொடுத்த தாய். ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தில் பெற்றோர்கள் ஒருவனைச் சேர்ந்து எரித்துவிட்டு மறைத்தார்கள். அவன் பிள்ளைகளின் கனவில் வருகிறான். பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். இந்த அமைப்பு குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை. கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டில் பாடப்படும் கதைகளில் கணிசமானவை அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதைகள். கொலையுண்டவர் ஆவியாகத் திரும்பி வருகிறார், பழி வாங்குகிறார், ஊர் பயந்து பணிந்து பீடம் கட்டிக் கும்பிடுகிறது. முப்பந்தல் இசக்கியம்மனோடு சேர்த்துச் சொல்லப்படும் நீலி கதையில், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பெண்ணின் வழக்கை ஊர்ப் பெரியவர்கள் நம்புகிறார்கள். அவள் தன் கணவன் என்று சொல்லும் செட்டி அலற அலற, அவன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். மறுநாள் காலை அவன் பிணமாகக் கிடக்கும்போது, வாக்குக் கொடுத்தவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துத்தான் அந்தக் கடனைத் தீர்க்க முடிகிறது.

கொலை யார் செய்வார், யார் சாவார் என்பது வில்லுப்பாட்டைக் கேட்பவர்கள் அனைவருக்கும் ஏற்கெனவே தெரியும். அப்படியும் நள்ளிரவில் யாரும் எழுந்து போவதில்லை. பாட்டு அந்தச் சாவை நெருங்கும்போது உடுக்கையும் குடமும் வேகமெடுக்கின்றன, சாமியாடிக்கு அருள் வருகிறது, கொல்லப்பட்டவர் கூட்டத்தின் நடுவே வந்து நிற்கிறார். செத்தவரின் தரப்பை ஓர் இரவு முழுக்கக் கேட்கும் பொறுமை இந்த மண்ணில் இருந்திருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் எழுதுபவர்கள் இதைத்தான் கற்க வேண்டும். கொன்றவனின் மனநோயைப் பற்றிப் பத்து நிமிட வசனம் எழுதுகிறார்கள். செத்த பெண் முந்தைய நாள் யாருக்குக் கடன் கொடுத்தாள், யாரோடு பேசாமல் இருந்தாள் என்பதை யாரும் எழுதுவதில்லை.

கதாநாயகி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடைசிவரை உயிரோடிருந்து கொலையாளியை எதிர்கொள்ளும் பெண் என்ற வகைமாதிரியை கரோல் குளோவர் 1987-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலேயே விரிவாக விளக்கிவிட்டார். தொடரில் அவளுக்குச் சாகாவரம் கிடைத்துவிடுவதுதான் தொல்லை; அவளைச் சுற்றி இருப்பவர்களை அவளைவிட நன்றாக எழுதினால் அது சரியாகிவிடும். நீளத்தைப் பற்றியும் ஒரு வரிதான்: எட்டு எபிசோட் போதும், பத்து தாங்கும், அதற்கு மேல் போனால் கொலையாளி சும்மா ஊர் சுற்ற வேண்டியிருக்கும்.

வாரம் ஓர் எபிசோட் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. 1990-களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த ‘விடாது கருப்பு’ நினைவிருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய தொடர். தப்புச் செய்தவர்களைக் குதிரையில் வந்து தண்டிக்கும் கருப்பசாமி உண்மையில் சாமியா, ஊரில் இருக்கும் ஓர் ஆளா என்ற கேள்வியை அது மாதக்கணக்கில் ஊரெல்லாம் பேச வைத்தது. எபிசோடுக்கு மறுநாள் பஸ்ஸில் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் அதே வழக்குதான். ஒவ்வொருவனுக்கும் ஒரு குற்றவாளி. இப்போது மொத்த சீசனையும் ஒரே இரவில் இறக்கிவிடுகிறார்கள். சந்தேகப்பட நமக்கு நேரமே தருவதில்லை.

எங்கள் மாவட்டத்தில் இப்படி ஒரு தொடர் நடந்தால் எங்கே நடக்க வேண்டும் என்று நானும் அண்ணன் மகளும் அடிக்கடி பேசிக்கொள்வோம். முட்டம், கடியபட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் நடக்காது. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒருத்தி கத்தினால் தெருவே கதவைத் திறந்துவிடும். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் உட்பகுதிதான் சரி. அங்கே தெருவாக வீடுகள் இருப்பதில்லை. ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், தென்னைக்கும் பலாவுக்கும் ரப்பருக்கும் நடுவே தனியாக நிற்கும். பகலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இருட்டிவிட்டால் அடுத்த வீட்டு விளக்குகூட மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஸ்லாஷர் கதைக்கு இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுபவர்கள் விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கத்தியோடு போவார்கள். மரங்களுக்கிடையே ஒரு வெளிச்சம் அசைந்தால் யாரும் ஐயப்பட மாட்டார்கள்.

அமெரிக்கத் தொடர்களில் பெற்றோர்கள் வசதியாக எங்காவது ஊருக்குப் போயிருப்பார்கள். கதைக்காகச் செய்த ஏற்பாடு என்று பார்த்தவுடன் தெரியும். இங்கே அப்பா வளைகுடாவில் இருப்பார். அது ஏற்பாடு இல்லை, பாதி வீடுகளின் நடப்பு. மகளின் தோழி செத்த செய்தி கேட்டு அவர் வீடியோ அழைப்பில் வந்து, கதவைப் பூட்டிக்கொள் மக்களே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். பிறகு துட்டி வீடு. பந்தல், வாடகை நாற்காலிகள், பள்ளிச் சீருடையில் வரிசையாக வரும் பிள்ளைகள், பதினாறாம் நாள் அடியந்திரம்வரை ஓடியாடி வேலை செய்யும் இளவட்டங்கள். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்குப் புகைப்படம் தேடிக் கொடுத்தவன் ஒருவன் இருப்பான். அந்தப் படம் அவன் போனில் எப்படி வந்தது என்று மூன்றாவது எபிசோடில் யாராவது கேட்க வேண்டும். இந்தக் கேள்வி என் அண்ணன் மகள் யோசித்தது. எழுதத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வகையில் நுழைய விரும்புபவர்களுக்கு: ‘ஸ்க்ரீம்’ முதல் சீசனோடு தொடங்குங்கள். ரைலியின் எபிசோட் முடிந்ததும் டிவியை அணைத்துவிடுங்கள். நான்காவதை அடுத்த நாள் பாருங்கள். ‘ஹார்ப்பர்ஸ் ஐலண்ட்’ கிடைத்தால் முதல் ஐந்து எபிசோட்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் யார் மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்தது, எந்தச் செருப்பைப் பார்த்து வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.